கண்ட சாட்சியும் காணாத உண்மையும்

தூத்துக்குடிக் கடற்கரையை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருப்பவன் நான். என் வகுப்பறையின் கீழ்ப்புற ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். சென்ற ஆண்டு ஒரு நாள் பிற்பகல், சரித்திர பாடம் நடந்து கொண்டிருந்தபோது, கரைக்குச் சமீபத்தில் ஒரு நாட்டுப் படகு அலையில் சிக்கிக் கவிழ்ந்து விட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னலண்டை ஓடினார்கள். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் விரைந்து சென்று, தண்ணீரில் தத்தளித்தவர்களைக் கரை சேர்த்தார்கள். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரையும், கண்டதைக் கண்டபடி எழுதித் தரச் சொன்னேன். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. காகிதங்களை வாங்கிப் படித்தபோது திகைத்துப் போனேன். படகில் மூன்று பேர் என்றவர்கள் பாதி. நான்கு, ஐந்து என்றவர்கள் மீதி. படகின் நிறம் நீலம் என்றார் சிலர். பச்சை என்றார் சிலர். அது வடக்கே போய்க் கொண்டிருந்ததா, தெற்கேயா என்பதில் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து விட்டது. தண்ணீரில் மிதந்த வெள்ளைக் கேன் ஒன்றை ஒரு சிறுவன் குழந்தையின் தலை என்றே எழுதியிருந்தான்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை ஒன்று உண்டு. ஒழுங்காகவும் விவரமாகவும் எழுதியிருந்தவன், படகு கவிழ்ந்த சமயத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு கரும்பலகையில் எழுதிக் கொண்டிருந்த பையன்தான்! மற்றவர்கள் மாலையெல்லாம் பேசியதைக் கேட்டுக் கேட்டு, தானே கண்டதாக அவன் மனம் நம்பிவிட்டது. முப்பத்திரண்டு பேரில் பொய் சொன்னவன் ஒருவனுமில்லை. ஆனால் முப்பத்திரண்டு காகிதங்களையும் ஒரு வக்கீலிடம் கொடுத்தால், "படகே கவிழவில்லை" என்று அவர் நிரூபித்து விடுவார்.

அந்தக் காகிதக் கட்டைப் பார்த்துக் கொண்டிருக்கையில், என் மனம் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் போயிற்று.

திண்ணையில் நடந்த வழக்கு

என் பாட்டனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தம்பி, நாங்கள் சின்னத் தாத்தா என்றழைத்தவர், சிறு வயதிலேயே மலேயாவுக்குப் போய், அங்கே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, 1946-இல் திரும்பி வந்தவர். ஆண்டுதோறும் ஜனவரி 23-ந் தேதி, நேதாஜியின் பிறந்த தினத்தன்று, அவ்விருவருக்கும் திண்ணையில் தர்க்கம் மூளும். "நேதாஜி இறக்கவில்லை, வருவார்" என்பது பாட்டனாரின் கட்சி. "கர்னல் ஹபீபுர் ரஹ்மான் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்ல மாட்டார், அண்ணே" என்பது தம்பியின் கட்சி. சில வருஷங்களில் தர்க்கம் முற்றி, பொங்கல் கழிந்தும் பேசாமல் இருந்ததுண்டு. பாட்டனார் காத்திருந்தபடியே காலமானார். தம்பியோ, தம் தலைவருக்குத் தாம் திவசம் கொடுக்கவும் முடியாமல், நம்பிக்கை வைக்கவும் முடியாமல் வாழ்ந்து முடித்தார்.

இப்படிப்பட்ட திண்ணைகள் பாண்டிய நாடெங்கும் இருந்தன. வங்காளத்தில் இன்னும் அதிகம். ஓர் ஆகாய விமான விபத்தைப் பற்றிய சாட்சியங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டதால் ஒரு தேசமே துக்கம் கொண்டாடவும் வகையற்று நின்ற வரலாறு இது.

தைஹோக்கு விமானத் தளம்

1945-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தின் நடுவில் ஜப்பான் சரணடைந்தது. 16-ந் தேதி நேதாஜி சிங்கப்பூரிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்டார். மறுநாள் அங்கிருந்து ஸைகோன் சென்றார். மேற்கொண்டு செல்ல ஜப்பானிய ராணுவ விமானம் ஒன்றில் இரண்டே இடங்கள் கிடைத்தன. தம்முடன் வந்த சகாக்களை விட்டுவிட்டு, கர்னல் ஹபீபுர் ரஹ்மான் ஒருவரை மட்டும் அழைத்துக் கொண்டு ஏறினார். அன்றிரவு தூரேன் என்னும் ஊரில் தங்கி, 18-ந் தேதி பிற்பகல் பார்மோஸாத் தீவிலுள்ள தைஹோக்குவில் இறங்கினார்கள். இன்று தைவானின் தலைநகராக விளங்கும் தைபேதான் அந்த ஊர். விமானம் பெட்ரோல் நிரப்பிக் கொண்டு மறுபடி கிளம்பியது. கிளம்பிய சில கணங்களில் தரையில் விழுந்து தீப்பற்றியது.

ஜப்பானியத் தளபதி ஷிதேய் அவ்விடத்திலேயே மாண்டார். பெட்ரோல் நனைந்த உடையோடு நெருப்பைக் கடந்து வெளியே வந்த நேதாஜியை ராணுவ ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார்கள். டாக்டர் யோஷிமி சிகிச்சை செய்தார். அன்றிரவே நேதாஜியின் உயிர் பிரிந்தது. அவ்வூரிலேயே தகனம் நடந்தது. அஸ்தி டோக்கியோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ரெங்கோஜி என்னும் புத்த ஆலயத்தில் வைக்கப்பட்டது. ரஹ்மானும், உயிர் தப்பிய ஜப்பானிய அதிகாரிகளும், வைத்தியர்களும் சொன்னவற்றின் சாரம் இதுதான்.

ஆகஸ்டு 23-ந் தேதி இச்செய்தியை ஜப்பான் வெளியிட்டபோது நம் நாட்டில் பலர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. 1942 மார்ச்சு மாதத்திலேயே சுபாஷ் போஸ் விமான விபத்தில் இறந்ததாகச் செய்தி பரவி, காந்தியடிகள் அவருடைய அன்னைக்கு அனுதாபத் தந்தியும் அனுப்பி, பிறகு அது வெறும் புரளி என்று தெரிந்திருந்தது. ஒரு முறை பொய்யாகச் செத்தவர் மறு முறை மெய்யாகச் செத்தார் என்றால் ஜனங்கள் எப்படி உடனே ஏற்பார்கள்? காந்தியடிகளே நேதாஜி உயிரோடிருப்பதாக முதலில் நம்பினார். 1946-இல் ஹபீபுர் ரஹ்மானைச் சந்தித்துப் பேசிய பின்னரே அந்த நம்பிக்கையைக் கைவிட்டார்.

ஸைகோனில் விடப்பட்டவர்களில் எஸ். ஏ. அய்யர் என்னும் தமிழரும் ஒருவர். சுதந்திர இந்திய தற்காலிக ஸர்க்காரில் பிரசார மந்திரியாக இருந்தவர். செய்தி கேட்டதும் தம்மைத் தைஹோக்குவுக்கு அழைத்துச் செல்லும்படி அவர் ஜப்பானியரிடம் மன்றாடினார். ஆனால் அவரை ஜப்பானுக்கே கொண்டு சேர்த்தார்கள். தலைவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பிற்காலத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுப் புத்தகத்துக்கு, 'அவருக்கு ஒரு சாட்சி' என்று பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். கடைசிக் காட்சிக்கு மட்டும் அவரால் சாட்சியாக இருக்க முடியாமற் போயிற்று.

மூன்று விசாரணைகள்

சுதந்திர இந்தியாவில் முதல் விசாரணை 1956-இல்தான் ஏற்பட்டது. சம்பவம் நடந்து பதினோரு வருஷங்கள் ஓடிவிட்டன. தேசிய ராணுவத்துத் தளபதி ஷா நவாஸ் கான் தலைவர். ஐ.சி.எஸ். அதிகாரி மைத்ராவும், நேதாஜியின் தமையனார் சுரேஷ் சந்திர போஸும் அங்கத்தினர்கள். 67 சாட்சிகளை விசாரித்தார்கள். பாங்காக், ஸைகோன், டோக்கியோ முதலிய இடங்களுக்குச் சென்றார்கள். ஆனால் விபத்து நடந்த தைஹோக்குவுக்கு மட்டும் போகவில்லை. பார்மோஸாவுடன் நம் ஸர்க்காருக்கு ராஜரீக உறவு இருக்கவில்லை. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், நேதாஜி உயிரோடிருக்கிறார் என்று பகிரங்கமாகக் கூறி வந்தவர். அவர் இக்கமிட்டியின் முன் வந்து, யுத்தக் குற்றவாளிகளின் ஜாபிதாவில் நேதாஜியின் பெயர் இருக்கிறதா என்பதை ஸர்க்கார் முதலில் தெளிவுபடுத்த வேண்டுமென்று கேட்டார். அது தெரியாமல் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல மறுத்து விட்டார். முடிவில், நேதாஜி விபத்தில் மாண்டார் என்று இருவர் கையெழுத்திட்டார்கள். தமையனார் கையெழுத்திட மறுத்து, தனி அறிக்கை எழுதினார்.

இரண்டாவது விசாரணை 1970-இல் நியமிக்கப்பட்டது. பஞ்சாப் ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற கோஸ்லா 224 சாட்சிகளைக் கேட்டார். தைவானுக்கும் போய் வந்தார். 1974-இல் முந்திய முடிவையே உறுதி செய்தார். 1978-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய், அவ்விரு முடிவுகளையும் தீர்மானமானவை என்று கொள்வதற்கில்லை என்று பார்லிமெண்டில் அறிவித்தார்.

மூன்றாவதாக, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாயிருந்த முகர்ஜி 1999-இல் நியமிக்கப்பட்டு 2005-இல் அறிக்கை கொடுத்தார். நேதாஜி இறந்துவிட்டார், ஆனால் அந்த விபத்தில் இறக்கவில்லை, ரெங்கோஜியிலுள்ள அஸ்தி அவருடையதன்று என்பது அவருடைய முடிவு. 2006-இல் ஸர்க்கார் இம்முடிவை ஏற்க மறுத்தது. விபத்து ஒன்று, விசாரணை மூன்று, முடிவு இரண்டு!

எதில் முரண்பட்டார்கள்?

விமானத்தில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேரா, பதின்மூன்று பேரா? சாட்சிகள் ஒத்துப் போகவில்லை. எவ்வளவு உயரம் எழும்பியது, எவ்வளவு தூரத்தில் விழுந்தது? ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு கணக்கு. உயிர் பிரிந்த நேரம் எது? 1946-இல் ஆங்கிலேய அதிகாரி பிக்கஸ் விசாரித்து எழுதியபடி மாலை 5 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில். ரஹ்மான் சொன்னபடி இரவு 9 மணி வாக்கில். ஷா நவாஸ் கமிட்டி முடிவு கட்டியபடி 8 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில். தகனம் நடந்தது 20-ந் தேதியா, 22-ந் தேதியா? இதிலும் இரண்டு கட்சி. எடுத்த புகைப்படங்களிலோ முகம் தெரியவில்லை. ரஹ்மான் கொண்டு வந்த கருகிய கைக்கடிகாரம் சதுர வடிவானது. நேதாஜி கட்டிக் கொள்வது வட்டக் கடிகாரமல்லவா என்று குடும்பத்தார் கேட்டார்கள்.

காகிதச் சாட்சியம் அதைவிடச் சங்கடமானது. தைஹோக்கு நகரத்துத் தகனப் பதிவில் சந்திர போஸ் என்ற பெயரே இல்லை. இருப்பது இசிரோ ஒகூரா என்ற ஜப்பானியச் சிப்பாயின் பெயர். ரகசியத்துக்காக வேறு பெயரில் பதிந்தார்கள் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அது உண்மையிலேயே வேறு மனிதர் என்று முகர்ஜி கொண்டார். மேலும், அந்தத் தேதியில் அவ்விடத்தில் விமான விபத்து நடந்ததற்குத் தங்களிடம் பதிவு இல்லை என்று தைவான் அதிகாரிகள் அவருக்குத் தெரிவித்தார்கள்.

இவ்வளவையும் அடுக்கிப் பார்த்தால், என் பாட்டனார் நம்பாததில் வியப்பில்லை. ஆனால் என் மேஜைமேல் இருந்த முப்பத்திரண்டு காகிதங்கள் என்னை வேறு விதமாக யோசிக்கச் செய்தன.

கண்கள் செய்யும் பிழை

2001-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி, நியூயார்க் நகரில் பட்டப்பகலில் ஒரு பெரிய பிரயாணி விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்து 265 பேர் மாண்டார்கள். பார்த்தவர்கள் ஏராளம். 349 பேருடைய சாட்சியங்களை அதிகாரிகள் தொகுத்தார்கள். விமானம் ஆகாயத்தில் இருக்கும்போதே தீப்பிடித்தது என்றவர்கள் நூற்றுக்கு 52 பேர். வலப்புறம் திரும்பியது என்றவர்கள் நூற்றுக்கு 18. இடப்புறம் திரும்பியது என்றவர்களும் அதே 18! கருவிகளையும் சிதைவுகளையும் ஆராய்ந்ததில், வால் பகுதியின் செங்குத்துத் துடுப்பு முறிந்ததே காரணம் என்று தெளிவாயிற்று. சாட்சிகள் முரண்பட்டார்கள் என்பதற்காக அங்கே விபத்தே நடக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

கண் ஒரு புகைப்படக் கருவியன்று. சத்தம் கேட்ட பிறகே பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கிறார்கள். முன்னால் நடந்ததை மனம் தானே இட்டு நிரப்பிக் கொள்கிறது. விமானத்துக்குள் இருப்பவனுக்கோ உயரமும் தெரியாது, தூரமும் தெரியாது. உயிர்ப் பயம் ஒன்றுதான் தெரியும். அதிலும் பதினோரு வருஷம் கழித்துக் கேட்டால் நினைவில் எஞ்சுவது என்ன?

ஆனால் இதைக் காட்டிச் சாட்சிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் அநீதி. 1961 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பிரதான காரியதரிசி ஹாமர்ஷீல்டு, ஆப்பிரிக்காவில் இந்தோலா என்னும் ஊருக்கு அருகில் இரவில் விமானம் விழுந்து மாண்டார். வானத்தில் வேறு வெளிச்சத்தையும் இன்னொரு விமானத்தையும் கண்டதாகக் காட்டில் கரிமூட்டம் போடும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் சொன்னார்கள். ரொடீஷிய ஸர்க்காரின் விசாரணை அவர்கள் பேச்சைப் பொருட்படுத்தாமல் விமானியின் பிழை என்று எழுதிவிட்டது. உயிர் தப்பிச் சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரே மனிதரின் வார்த்தைகளும் ஜன்னியில் பிதற்றியவை என்று ஒதுக்கப்பட்டன. அரை நூற்றாண்டு கழித்து ஐக்கிய நாடுகள் சபை அந்த வழக்கை மறுபடி எடுக்க நேர்ந்தது. சொன்னவனுடைய நிறத்தையும் தொழிலையும் பார்த்துச் சாட்சியத்தை எடை போட்டால் இப்படித்தான் முடியும்.

பார் பார்க்கும் முறை

அப்படியானால் எப்படித்தான் எடை போடுவது? இதற்கு எங்கள் கடலிலேயே ஒரு பாடம் உண்டு. தூத்துக்குடியில் ஸர்க்கார் நடத்திய முத்துச் சலாபம் 1961-க்குப் பின் நடைபெறவில்லை. ஆனால் அது நடந்த காலத்தின் வழக்கத்தைப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். சலாபத்துக்கு முன்னால் 'பார் பார்ப்பது' என்று ஒரு காரியம் நடக்கும். தொல்லாயிரம் பார் போன்ற கடலடிப் பாறைத் திட்டில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று அறிய, பல இடங்களில் பல குளியாட்களை இறக்குவார்கள். ஒருவன் மேலே வந்து "மணல்தான்" என்பான். ஒருவன் "வெறும் பாறை" என்பான். ஒருவன் கை நிறையச் சிப்பியோடு வருவான். மூவரையும் பொய்யர் என்று எவரும் சொன்னதில்லை. அவரவர் மூச்சு நின்ற அளவுக்கு, அவரவர் கல் இறங்கிய இடத்தை அவரவர் கண்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, எடுத்த சிப்பிகளை அழுகவிட்டு அலசி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, அதன் பிறகுதான் சலாபம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பார்கள்.

தைஹோக்கு வழக்கையும் அவ்வாறே பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றுகிறது. உயரம், தூரம், மணி, தேதி ஆகியவை இலைகள். விமானம் விழுந்தது, எரிந்தது, நேதாஜி தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், அங்கே மாண்டார் என்பவை வேர்கள். ரஹ்மான் பிற்பாடு பாகிஸ்தானில் குடியேறியவர். 1956-இல் அங்கிருந்து வந்து சாட்சி சொன்னார். நொநோகாகி, கோனோ முதலிய அதிகாரிகள் ஜப்பானியர், யோஷிமி வைத்தியர். தேசத்தாலும் தொழிலாலும் வேறுபட்ட இவர்கள் இலைகளில் முரண்பட்டார்கள், வேர்களில் முரண்படவில்லை. 1956 ஜனவரியில் ஜப்பானிய ஸர்க்கார் தயாரித்து, 2016-இல் வெளியான அறிக்கையும் அதையே சொல்கிறது: சுமார் 20 மீட்டர் உயரம் எழும்பியதும் இடப்புற விசிறியின் இதழ் ஒன்று முறிந்து, இயந்திரம் கழன்று விழுந்ததாம். எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் ஒப்பித்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். கரும்பலகையண்டை நின்ற பையனின் காகிதத்தைப் போல.

ஆகவே சின்னத் தாத்தாவின் கட்சியே வலுவானது என்று நான் கருதுகிறேன். எனினும் பாட்டனாரைப் பேதை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. காகிதம் இல்லாத குறையை முகர்ஜி எடுத்துக் காட்டியது நியாயமே. அது சாட்சிகளின் குற்றமன்று. தோற்றுச் சிதைந்த ஒரு ராணுவத்தின் ரகசியமும், உடனே போய்ப் பார்க்காத ஸர்க்கார்களின் தாமதமும் சேர்ந்து விளைத்த குறை. அதற்கு ஒரு பரிகாரம் மிச்சமிருக்கிறது. ரெங்கோஜியிலுள்ள அஸ்தியை மரபணுச் சோதனை செய்யலாம், அதை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நேதாஜியின் புதல்வியார் அனிதா போஸ் பகிரங்கமாகக் கேட்டு வந்திருக்கிறார். எரிந்த எலும்பு விடை சொல்லுமோ, சொல்லாதோ. கேட்டுப் பார்ப்பதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

என் மாணவன் ஒருவன், "ஐயா, படகில் மெய்யாகவே எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேட்டான். கரைக்குப் போய்ப் படகுக்காரரையே விசாரித்து வந்து, மூன்று பேர் என்று சொன்னேன். மறுநாளே போனதால் அது முடிந்தது. முப்பத்திரண்டு காகிதங்களிலும் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கி, பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். 1945 ஆகஸ்டு 18-ந் தேதி இரவு, தைஹோக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து, கண்டதை எழுதி வாங்கிக் கையெழுத்துப் பெற ஒருவர் இருந்திருந்தால், எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு கிழவர்கள் ஆயுள் முழுவதும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.